கிக்கோ-சான் மூச்சு எடுக்கும் இடம்

அன்று மொன்றியலில் இருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில், துரையின் வீட்டு முன் அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

துரை. என் மனைவியின் தம்பி. வீட்டுக்காரன். சோபாவில் இருந்தான்.

சாந்தி. துரையின் மனைவி. றோல்ஸ் தட்டோடு நின்றாள்.

பாஸ்கரன். என்னோடு வேலை செய்பவன். என் பக்கத்துச் சாட்சி.

மொரிட்டா மாஸ்டர். எங்கள் முதலாளி. யப்பான்காரர். அறுபது தாண்டியவர். நீல நிறத்தில் ஒரு நீட்டு மேற்சட்டை. நெற்றியில் வெள்ளைத் துணி. சட்டையின் முதுகில் பெரிய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

என் மனைவி. கதிரையில். கையைக் கட்டிக்கொண்டு.

நான்.

சுவரில் பிள்ளையார் இருந்தார். அவரையும் சேர்க்கலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் கூடினோம் என்றால், நான் நித்திரையில் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அதற்கு விசாரணை.

ஒரு கடை, ஒரு கசெற்

போன கிழமை இதே பத்திரிகையில், பேக்கரியில் மாப்பிசைந்த கதையை எழுதினேன். அந்த பேக்கரி பூட்டிய பிறகுதான் மொரிட்டா மாஸ்டரிடம் வேலைக்குப் போனேன். எந்த வருசம் என்று பத்திரிகைக்காரத் தம்பி கேட்கிறார். நினைவில்லை. பனி கொட்டிய நாள். இங்கே அப்படிச் சொன்னால் எந்த நாளாகவும் இருக்கலாம்.

யப்பான் சாப்பாட்டுக் கடை. டவுன்டவுனில். படி இறங்கிப் போக வேண்டும். முன்னால் மாஸ்டர் மீன் வெட்டுவார். பின்னால் நாங்கள் இரண்டு பேர். சோறும் பொரியலும் எனக்கு. கோப்பை கழுவுவது பாஸ்கரனுக்கு.

சோற்றுப் பானைக்கு மேலே ஒரு தட்டு. அதில் பழைய ரேடியோ ஒன்று, எண்ணெய் படாமல் பொலித்தீன் சுற்றி. அதற்குள் ஒரு கசெற். கடை திறந்தால் அது பாடும். பூட்டினால் நிற்கும்.

பாடுகிறவள் கிக்கோ-சான். சான் என்பது யப்பானில் பெயருக்குப் பின்னால் சேர்ப்பது. முழுப் பெயர் நீளம். யப்பானில் மாஸ்டர் இளந்தாரியாக இருந்த காலத்தில் அவள்தான் நாட்டுக்கே செல்லப்பிள்ளை. வெள்ளைச் சட்டை, தோள் வரை தலைமயிர், ஆட்டுக்குட்டி போல ஒரு குரல். அவள் புதுப் பாட்டு விட்டால் பள்ளிக்கூடங்களில் படிப்பு நடக்காதாம். பழைய பாட்டுகள்தான். ஆனால் மாஸ்டருக்கு அதற்குப் பிறகு பாட்டு என்று ஒன்று உலகத்தில் வரவில்லை.

அந்தக் கசெற் மண்டபத்தில், மேடையில் பாடும்போது பிடித்தது. அதனால் பாட்டு மட்டும் இல்லை. அவள் ஒரு வரி பாடுவாள். உடனே ஆம்பிளைகள் கூட்டமாகக் கத்துவார்கள்.

"கிக்கோ-சான்!"

அடுத்த வரி. மறுபடியும் "கிக்கோ-சான்!" இடையில் வாத்தியம் மட்டும் வரும் இடத்தில் இன்னும் மோசம். "எல்! ஓ! வீ! ஈ! கிக்கோ-சான்!"

முதல் நாள் நான் சிரித்துவிட்டேன். மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். பாஸ்கரன் கண்ணைக் காட்டினான். சிரிப்பை விழுங்கினேன்.

மூச்சு எடுக்கும் இடம்

விசயம் இதுதான். கத்துவதற்கு என்று அங்கே படை இருந்தது. ஊருக்கு ஊர் கிளை. ஒரே சட்டை, ஒரே தலைத்துணி. எந்தப் பாட்டில் எங்கே கத்த வேண்டும் என்று கூடிப் பழகுவார்கள். மாஸ்டர் தன் ஊர்க் கிளைக்குத் தலைவர். கலியாணம் கட்டாத மனிசன். ஏன் கட்டவில்லை என்று நாங்கள் கேட்டதில்லை.

அவர் எங்களுக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று. கடை இங்கிலிசில்தான் சொல்லுவார்.

"கிக்கோ-சான் சிங், யூ ஷட் அப். கிக்கோ-சான் பிறீத், யூ ஷவுட்."

அவள் பாடும்போது வாய் திறக்கக் கூடாது. மூச்சு எடுக்கிற இடைவெளிதான் எங்கள் இடம். அதற்குள் கத்தி முடிக்க வேண்டும். அவள் குரலுக்கு மேல் கத்துகிறவன் மரியாதை தெரியாதவன்.

இதை எங்களை ஏன் பழக்கினார்? இரண்டு பேர் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கப் பழகினால் சமையல் அறையில் விபத்து வராது என்பது அவர் கொள்கை. அது சரிதான். கொதிக்கிற எண்ணெயோடு திரும்பும்போது பாஸ்கரன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கத் தேவையில்லை. "கிக்கோ-சான்" எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் நிற்கிறான்.

ஒன்பது வருசம் கத்தினோம். பாட்டின் கருத்து தெரியாது. ஒருநாள் பாஸ்கரன் கேட்டான். மாஸ்டர் மீன் வெட்டியபடி சொன்னார். முதல் பாட்டில் பெட்டை ஸ்டேசனில் காத்திருக்கிறாள், பெடியன் வரவில்லை. இரண்டாவதில் கடற்கரையில் காத்திருக்கிறாள், பெடியன் வரவில்லை. மூன்றாவதில் மழையில் காத்திருக்கிறாள்.

"பெடியன் வரமாட்டானோ மாஸ்டர்?"

"வந்தால் பாட்டு முடிந்துவிடும்" என்றார்.

பாஸ்கரன் என்னைப் பார்த்தான். "கெட்டிக்கார மண்டைக்காய்தான் அண்ணை, எழுதினவன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நித்திரை

எங்கள் வீடு மொன்றியலின் வடக்கில், அஹுன்ட்சிக்கில். அந்த ஞாயிறு துரையும் சாந்தியும் சாப்பிட வந்தார்கள். நண்டுக் கறி. சாப்பிட்டு சோபாவில் சாய்ந்தேன். அதோடு எனக்கு ஒன்றும் தெரியாது. மிச்சம் துரை பிறகு நடித்துக் காட்டியது.

முதலில் என் வலது கை மேலே போனதாம். பிறகு, "எல்! ஓ! வீ! ஈ!"

சாந்தி கையிலிருந்த தோடம்பழம் விழுந்ததாம்.

"அக்கா, அத்தான் எழுத்துக் கூட்டி லவ் பண்ணுறார்" என்று துரை சிரித்தானாம். அதற்குள் நான் அடுத்ததைக் கத்திவிட்டேன். பெயரை. தெளிவாக. தொடர்ந்து பல தரம்.

கண் திறந்தபோது மூன்று முகம் எனக்கு மேலே.

"ஆர் கிக்கோ?" மனைவி கேட்டாள்.

"பாட்டுக்காரி."

"எங்க பாடுறவ?"

"கடையில."

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"ஒன்பது வருசம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"திங்கள் லீவு."

துரை தலையில் கை வைத்தான். "அத்தான், கொஞ்சம் விளங்கப்படுத்திச் சொல்லுங்கோவன்."

என்னத்தை விளங்கப்படுத்த? கேட்டதற்குச் சரியாகத்தான் சொன்னேன்.

"உங்கட முதலாளிக்கு உது தெரியுமோ?" சாந்தி கேட்டாள்.

"அவர்தான் பழக்கிவிட்டவர்."

மனைவி எழும்பிப் போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அரை மணித்தியாலத்தில் துரையின் காரில் ஏறிவிட்டாள்.

செய்தி போன பாதை

அன்று பின்னேரமே ரொறன்ரோவில் இருந்து மகள் எடுத்தாள். "அப்பா, ஆர் உந்தக் கிக்கோ?" செய்தி அங்கிருந்து லண்டன் போனது. பாரிஸ் போனது. யாழ்ப்பாணம் போனது. திரும்பி மொன்றியலுக்கு வந்து, கடைத்தெருவில் ஒருவர் என்னை நிறுத்தி விசாரித்தபோது, கிக்கோவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது என்னைப் போலவாம்.

துரை நல்லவன். உதவி செய்யப் பார்த்தான். முழுப் பெயரைக் கேட்டு வாங்கி, போனில் தேடி, அந்தப் பாட்டை எடுத்து அக்காவுக்குக் காட்டினான். அது மண்டபத்தில் பிடித்தது இல்லை. கொம்பனியில் பிடித்தது. அவள் தனியே பாடுகிறாள். கத்துவதற்கு ஆள் இல்லை.

"அத்தான், பாட்டு முழுக்கப் பாத்தாச்சு. உங்கட சத்தம் ஒரு இடமும் இல்லையே" என்றான் போனில்.

பின்னால் மனைவியின் குரல். "வடிவாத்தான் இருக்கிறாள்."

"அது நாப்பது வருசத்துக்கு முந்தின படம்" என்றேன்.

"அப்ப நாப்பது வருசமாவோ?"

பாஸ்கரனைப் பேசச் சொன்னேன். அவன் போனை வாங்கினான். "அக்கா, அண்ணை தங்கமான மனிசன். தனிய ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நாங்கள் ரெண்டு பேரும் சேந்துதான் கிக்கோவைக் கூப்பிடுறனாங்கள்." அதோடு போன் கட்.

மூன்றாம் கிழமை சாந்தி இரகசியமாக எடுத்தாள். "அண்ணை, மச்சாள் இஞ்ச கார்டெரி ஒண்டில வேலை கேட்டிருக்கிறா. செவ்வாய் துவங்கச் சொல்லியிருக்கினம். கீழ் அறையைத் தனக்குத் தரட்டாம். துவங்கினா பேந்து வரமாட்டா. பாத்துச் செய்யுங்கோ."

மனைவி எங்கள் பக்கத்தில் ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில்தான் சமைக்கிறாள். அதை விடப்போகிறாள் என்றால் என்னையும் விடப்போகிறாள். அது எனக்கு விளங்கியது.

எனக்குச் சமைக்கத் தெரியும். உடுப்புத் தோய்க்கத் தெரியும். அதில் கஷ்டம் இல்லை. வீட்டில் நான் அதிகம் பேசுவதில்லை. பேசாமல் இருக்கவும் எதிரே ஒரு ஆள் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் கடையில், கிக்கோ-சான் பாடிக்கொண்டிருக்கும்போதே நான் கத்திவிட்டேன். அவள் குரலுக்கு மேலே.

மாஸ்டர் கசெற்றை நிறுத்தினார். கடை திறந்திருக்கும்போது அது நின்று நான் பார்த்ததில்லை. சாப்பிட வந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

"ராசா-சான். வட் ஹாப்பன்?"

நான் ஒன்றுமில்லை என்றேன். பாஸ்கரன் எல்லாவற்றையும் சொன்னான்.

மாஸ்டர் கேட்டுவிட்டு, கையைக் கழுவித் துடைத்தார். "மண்டே. நான் வருவேன்."

"கசெற்றையும் கொண்டு வாருங்கோ மாஸ்டர்" என்றான் பாஸ்கரன்.

அது மட்டும் நடக்காது. நாடா பழையது. ஒரு தரம் அறுந்து ஒட்டியது. ஆற்றைத் தாண்டாது. மாஸ்டர் தன் நெஞ்சில் விரலை வைத்தார்.

"ஐ ஆம் கசெற்."

லொங்குய்யில் விசாரணை

அந்தத் திங்கள் அரசாங்க லீவு. துரை வீட்டில் இருந்தான். மஞ்சள் பாதை மெட்ரோவில் போனோம். மாஸ்டர் நீலச் சட்டையோடுதான் வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

வாசலில் சப்பாத்தைக் கழற்றி, ஒழுங்காகத் திருப்பி வைத்தார். பிள்ளையாரைக் குனிந்து கும்பிட்டார். சாந்திக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. றோல்ஸ் கொடுத்தாள். ஒரு கடி. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"பாவம், அழுறார்" என்றாள் சாந்தி.

"உறைப்பு" என்றான் பாஸ்கரன்.

மாஸ்டர் அறை நடுவில் நின்றார். என்னை இடப் பக்கம், பாஸ்கரனை வலப் பக்கம் நிறுத்தினார். என் மனைவியை நோக்கிக் குனிந்தார். அவள் கையைக் கட்டியபடி இருந்தாள்.

பாடத் தொடங்கினார்.

அந்த உடம்பில் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. பெட்டைக் குரல். மெல்லியது. வலது கையில் மைக் பிடித்தது போல் பிடித்தார். இடது கையால் இல்லாத வெள்ளைச் சட்டையின் நுனியைத் தூக்கினார். சாந்தி தட்டால் முகத்தை மறைத்தாள்.

மூச்சு எடுத்தார். நாங்கள் கத்தினோம்.

"கிக்கோ-சான்!"

பிள்ளையார் படம் ஆடியது. அடுத்த வரி. மறுபடியும். வாத்தியம் வரும் இடத்தில் மாஸ்டர் வாயாலேயே வாத்தியம் வாசித்தார். "எல்! ஓ! வீ! ஈ!" கையை மேலே தூக்கினோம்.

துரை துள்ளி எழும்பினான். "அக்கா! அந்தக் கை! நித்திரையில தூக்கின அதே கை!"

பாட்டு முடிந்தது. கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டுக் கிழவி. "சா வா?" என்று பிரெஞ்சில் கேட்டாள், எல்லாம் சரியோ என்று. "சா வா, சா வா" என்றான் துரை. கிழவி மாஸ்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

"சரி அக்கா. கேஸ் முடிஞ்சுது. பாட்டுத்தான். அத்தான் சுத்தம்."

மனைவி தலை ஆட்டினாள். "பாட்டு எண்டு விளங்குது."

"அப்ப சாமானை எடுத்து வைக்கட்டே?"

"வேண்டாம்" என்றாள். "நாளைக்கு எனக்கு வேலை."

துரை திரும்பவும் சோபாவில் இருந்தான். அவள்தான் பேசினாள். என்னைப் பார்த்து இல்லை. றோல்ஸ் தட்டைப் பார்த்து.

"தம்பி அக்கா எண்டுறான். சாந்தி மச்சாள் எண்டுறாள். பிள்ளை அம்மா எண்டுறாள். கார்டெரியில பிரெஞ்சில மடாம். உவர் இஞ்சேரும். என்ர பேரைக் கூப்பிடுறது கிளினிக்கில ஒரு நேர்ஸ். அவளும் பாதியில நிப்பாட்டிப் போடுவாள்."

கடைசியாகச் சொன்னாள். "ஆரோ ஒருத்திக்கு நித்திரையிலயும் பேர் இருக்கு."

இஞ்சேரும்

இதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் மனிசியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. "இஞ்சேரும்" என்போம். அவளும் "இஞ்சேருங்கோ" என்பாள். அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் இரண்டு பேர்தானே.

வெளியில்தான் கரைச்சல். ஒருமுறை தமிழ்க் கடையில் மரக்கறிப் பக்கம் நின்று "இஞ்சேரும்" என்றேன். ஐந்தாறு பெண்கள் திரும்பினார்கள். என் மனைவி திரும்பவில்லை. அவள் மீன் பக்கம் நின்றாள்.

அன்று அவள் சிரித்தாள். அதனால் நான் அதைச் சிரிப்புக் கணக்கில் வைத்திருந்தேன்.

முழுப் பெயர்

"வட் ஷீ சே?" மாஸ்டர் கேட்டார். பாஸ்கரன் சொன்னான். மாஸ்டர் முகம் மாறியது. சோறு குழைந்தால் அப்படித்தான் பார்ப்பார்.

"ராசா-சான். மனைவி பெயர்?"

நான் துரையைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கிறியள்? உங்கட மனிசி" என்றான்.

"பரமேஸ்வரி" என்றேன். மெல்லத்தான் வந்தது.

மாஸ்டர் விரலில் பிரித்துப் பார்த்தார். தலை ஆட்டினார். நீளம். கிக்கோ-சான் மூச்சு எடுக்கும் இடத்துக்குள் அடங்காது.

"ஈசு எண்டு கூப்பிடலாம்" என்றான் துரை. "அம்மா அப்பிடித்தான் கூப்பிடுறவ."

"முழுப் பேர்" என்றாள் மனைவி.

மாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு முதுகில் இருந்த பெயருக்கு ஏதோ சொன்னார். மன்னிப்பு என்று நினைக்கிறேன். "மெதுவாகப் பாடுகிறேன். பெரிய மூச்சு எடுக்கிறேன். ராசா-சான், நீ மட்டும்."

"நீயும் கத்தடா" என்றேன் பாஸ்கரனிடம்.

"விசரே அண்ணை? உங்கட மனிசியின்ர பேரை நான் எப்பிடிக் கத்துறது?" அவன் போய்ச் சாந்தி பக்கத்தில் நின்றுகொண்டான்.

மாஸ்டர் தொடங்கினார். ஸ்டேசனில் காத்திருக்கிற பாட்டு. மெதுவாகப் பாடினால் அது வேறு பாட்டு. முதல் இடைவெளி வந்தது. என் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. இடைவெளி போய்விட்டது. மாஸ்டர் என்னைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனார்.

மனைவி எழும்பினாள். கீழ் அறைக்குப் போகிற படிப்பக்கம் திரும்பினாள்.

நான் கண்ணை இறுக்கி மூடினேன்.

"பரமேஸ்வரி!"

ஒன்பது வருசம் பழகிய தொண்டை. சத்தம் எனக்கே அதிகமாகப் பட்டது. அடுத்த வரி. "பரமேஸ்வரி!" அடுத்தது. எழுத்துக் கூட்டும் இடமும் வந்தது. கூட்டினேன். சாந்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் நின்றுவிடும். கத்தினேன்.

தோளில் யாரோ தட்டினார்கள். துரை.

"அத்தான். போதும்."

கண்ணைத் திறந்தேன். மாஸ்டர் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாஸ்கரன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜன்னலுக்கு வெளியே கிழவி.

மனைவி அறையில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் படியில் சத்தம் கேட்டது. கோட் போட்டிருந்தாள். கையில் பை. அதை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன்.

"றோல்ஸ் கொஞ்சம் கட்டித் தா சாந்தி" என்றாள். "மாஸ்டருக்கு."

"அவருக்கு உறைக்குது மச்சாள்."

"பழகட்டும்."

மெட்ரோவில் மாஸ்டரும் பாஸ்கரனும் தள்ளி இருந்தார்கள். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஆற்றுக்குக் கீழே ரயில் போகும்போது சத்தம் கூட. அவள் என் காதுப் பக்கம் குனிந்தாள்.

"கண்ணை ஏன் மூடினனீங்கள்?"

"சும்மா."

"மாஸ்டர் பாட்டை நிப்பாட்டினது தெரியுமோ?"

"தெரியாது."

"பாட்டுக்குள்ள கூப்பிட்டதை நான் கணக்கில எடுக்கேல்லை. அது அவளின்ர இடம். நிப்பாட்டினாப் பிறகு கூப்பிட்டதைத்தான் எண்ணினனான்."

எத்தனை என்று கேட்டேன்.

நான்கு.